எதை அடக்குவது, எதைக் கழிப்பது? லிசாவின் இரைச்சல் பற்றி வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் லிசா திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் கொடுத்தது. 2035இல் ஏவுவதாகத் திட்டம். ஒன்றுக்கொன்று 25 லட்சம் கி.மீ. தள்ளி, முக்கோணமாக நிற்கும் மூன்று விண்கலங்கள், பூமிக்குச் சுமார் 5 கோடி கி.மீ. பின்னால் சூரியனைச் சுற்றிவரும். அவற்றுக்கிடையே ஓடும் லேசர் ஒளியின் கட்டத்தை (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை) அளந்து, வெளியையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலைகளைப் பிடிப்பதுதான் நோக்கம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் கேட்கின்றன: இவ்வளவு தூரத்தில் இவ்வளவு நுண்ணிய அளவீடு எப்படி நிலைக்கும்?

கேள்வி: தரையிலேயே லைகோ என்ற ஈர்ப்பலைக் கருவி இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ–இந்தியாவும் வரப்போகிறது. பிறகு ஏன் விண்வெளி? (வாசகர், மதுரை)

பதில்: தரைக் கருவிகள் ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே செவிடாகிவிடும். நில அதிர்வை ஊசல்களைக் கொண்டு தடுத்துவிடலாம். ஆனால் மண்ணும் காற்றும் அசையும்போது அவற்றின் ஈர்ப்புவிசையே மாறி, கண்ணாடியை நேரடியாக இழுக்கிறது. ஈர்ப்பை மறைக்கச் சுவர் கிடையாது. லட்சக்கணக்கான சூரிய நிறை கொண்ட கருந்துளைகள் இணையும்போது எழும் அலை மில்லிஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வருகிறது. 1 மில்லிஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலைவுக்கு ஏறக்குறைய 17 நிமிடம். அதைக் கேட்கத் தரையைவிட்டு விலகியே ஆக வேண்டும்.

கேள்வி: "10 பிக்கோமீட்டர் பர் ரூட் ஹெர்ட்ஸ்" என்று லிசாவின் இரைச்சல் வரம்பை எழுதுகிறார்கள். ஓர் அணுவே அதைவிடப் பெரியது. அணுவைவிடச் சிறிய தூரத்தை அளந்தோம் என்பதற்கு என்ன பொருள்? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. லேசர் ஓர் அணுவைத் தொட்டுப் பார்ப்பதில்லை. சில மில்லிமீட்டர் அகலத்தில் விழும் ஒளி, அந்தப் பரப்பில் உள்ள எண்ணற்ற அணுக்களின் சராசரி இடத்தைத்தான் அளக்கிறது. 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் 10 பிக்கோமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. கட்டத்தை அந்த நுட்பத்துக்கு அளக்கும் மின்னணுக் கருவிகள் இன்று இருக்கின்றன.

"ரூட் ஹெர்ட்ஸ்" என்பது இரைச்சல் எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டையில் பரவியிருக்கிறது என்பதன் கணக்கு. ஒரே அதிர்வெண்ணில் தொடர்ந்து ஒலிக்கும் மூலத்தை ஓராண்டு கவனித்தால், பட்டையின் அகலம் சுமார் 3 கோடி வினாடியில் ஒரு பங்காகச் சுருங்கும். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5600. ஆகவே 10 பிக்கோமீட்டர் இரைச்சலுக்கு நடுவே 2 ஃபெம்டோமீட்டர் (ஆயிரம் ஃபெம்டோமீட்டர் ஒரு பிக்கோமீட்டர்) அளவிலான சீரான அசைவும் தலைகாட்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஓராண்டும் இரைச்சலின் தன்மை மாறாமல் இருக்க வேண்டும். நிலைத்தன்மை என்று விண்கலப் பொறியாளர்கள் இவ்வளவு அடித்துச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: எதிர்முனையில் ஒரு கண்ணாடியை வைத்து ஒளியைத் திருப்பி அனுப்பினால் போதாதா? அங்கேயும் ஏன் ஒரு லேசர்? (வாசகர், திருச்சி)

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 30 செ.மீ. தொலைநோக்கி வழியாகச் சுமார் 2 வாட் ஒளி புறப்படுகிறது. எதிர்முனையை அடைவதற்குள் கற்றை பதினைந்து, இருபது கி.மீ. அகலத்துக்கு விரிந்துவிடும். அங்கே இருக்கும் 30 செ.மீ. வாய்க்குள் விழுவது சில நூறு பிக்கோவாட்தான். 500 பிக்கோவாட் என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு ஏறத்தாழ 270 கோடி ஃபோட்டான். அதையே கண்ணாடியில் பட்டுத் திரும்பச் செய்தால் இதே விகிதத்தில் மறுபடியும் குறைந்து, வினாடிக்கு ஒரு ஃபோட்டான்கூட வந்து சேராது. அதனால்தான் வந்த ஒளியின் கட்டத்தை உள்ளூர் லேசரில் பிடித்துப் பூட்டி, புதிய 2 வாட் ஒளியாகத் திருப்பி அனுப்புகிறார்கள்.

270 கோடி ஃபோட்டான் என்பதும் தாராளம் அல்ல. எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கமே, ஒளி சிறிதும் வீணாகாத நிலையிலும், 3 பிக்கோமீட்டருக்குச் சற்று மேல் இரைச்சலைத் தரும். தொலைநோக்கியைப் பெரிதாக்கினால் கைமேல் பலன் உண்டு: அனுப்புவதும் வாங்குவதும் அதே தொலைநோக்கி என்பதால், பெறும் திறன் விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும். 30 செ.மீ.க்குப் பதில் 40 செ.மீ. என்றால் மூன்று மடங்குக்கு மேல். ஆனால் எடை ஏறும், கண்ணாடிகளுக்கு இடையிலான தூரத்தைப் பிக்கோமீட்டர் அளவில் நிறுத்துவதும் கடினமாகும். 30 செ.மீ. என்பது இந்த இரண்டுக்கும் நடுவே எட்டிய சமரசம்.

கேள்வி: லேசரின் அதிர்வெண்ணே தடுமாறும் என்கிறார்கள். அப்படியானால் தூரம் மாறியதா, லேசர் மாறியதா என்று எப்படிப் பிரிப்பது? (இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: லிசாவின் ஆகப் பெரிய இரைச்சல் இதுதான். எண்களோடு பார்ப்போம்.

லேசரின் அதிர்வெண் சுமார் 282 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். விரிவடையாத கண்ணாடியில் செய்த ஒளிக்குழிவு (எதிரெதிர் ஆடிகளுக்கு நடுவே ஒளி ஓடித் திரும்பும் அமைப்பு) ஒன்றோடு பூட்டினால் அதன் தடுமாற்றத்தை ரூட் ஹெர்ட்ஸுக்கு 30 ஹெர்ட்ஸ் அளவுக்கு அடக்கலாம். இரு பாதைகளில் வந்த ஒளியைச் சேர்த்து ஒப்பிடும் கருவியான குறுக்கீட்டுமானியின் இரு கைகளும் (அந்த இரு பாதைகளும்) சம நீளமானால், தடுமாற்றம் இரண்டிலும் ஒரே மாதிரி வந்து தானாகக் கழிந்துவிடும். தரைக் கருவிகளுக்கு இந்த வசதி பெருமளவு உண்டு. லிசாவுக்குக் கிடையாது. ஒவ்வொரு கலமும் தனித்தனிச் சுற்றுப்பாதையில் போவதால் கை நீளங்கள் ஒரு சதவீதம்வரை, அதாவது 25,000 கி.மீ.வரை வேறுபடும். அந்த வேறுபாட்டை 30 ஹெர்ட்ஸால் பெருக்கி லேசர் அதிர்வெண்ணால் வகுத்தால் 2.7 மைக்ரோமீட்டர் வருகிறது. நமக்கு வேண்டியது 10 பிக்கோமீட்டர். இரண்டரை லட்சம் மடங்குக்கு மேல் இடைவெளி!

இந்த இடைவெளியை எந்த லேசராலும் அடைக்க முடியாது. கணக்கால்தான் அடைக்க முடியும். ஒவ்வொரு கையிலும் பதிவாகும் கட்டத்தைத் தனித்தனியே பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கே கணினியில், முதல் கையின் பதிவை இரண்டாம் கையின் போய்வரும் நேரத்துக்குத் தாமதித்தும், இரண்டாம் கையின் பதிவை முதல் கையின் நேரத்துக்குத் தாமதித்தும் சேர்த்தால், இரு பக்கமும் லேசர் அதே மொத்தத் தூரத்தைக் கடந்ததாக ஆகிவிடும். இரைச்சல் கழிந்துவிடும், ஈர்ப்பலை மிஞ்சும். காலத்தாமதக் குறுக்கீட்டுமுறை என்ற இந்த வழியை ஆம்ஸ்ட்ராங், எஸ்டாபுரூக், டின்டோ மூவரும் 1999இல் வெளியிட்டார்கள். எந்தெந்தத் தாமதச் சேர்க்கைகள் லேசர் இரைச்சலைக் கழிக்கும் என்பதை முழுமையாக வகைப்படுத்தும் இயற்கணித முறையை 2002இல் தந்தவர்களில் புனேயின் ஐயூகா வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த சஞ்சீவ் துரந்தர் முக்கியமானவர். இந்தியப் பங்களிப்பு என்றால் ஹிங்கோலியை மட்டும் நினைக்கிறோம். இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நடைமுறையில் எங்கே இடிக்கும்? முதலில் தாமதத்தின் துல்லியம். கை நீளத்தில் 1 மீட்டர் பிழை இருந்தால் எஞ்சும் இரைச்சல் 0.1 பிக்கோமீட்டர், 100 மீட்டர் பிழைக்கு 10 பிக்கோமீட்டர். ஆகவே 25 லட்சம் கி.மீ. தூரத்தை ஒரு மீட்டர் வரை அறிந்திருக்க வேண்டும். லேசர் திறனில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தைச் செலவிட்டு, அதன் கட்டத்தில் ஒரு போலிச்சீரற்ற (தாறுமாறாகத் தோன்றினாலும் முன்பே தெரிந்த) குறியீட்டை ஏற்றி, அது வந்துசேரும் நேரத்தைக் கொண்டு இந்தத் தூரத்தை அளக்கிறார்கள்.

அடுத்தது மாதிரிகளுக்கு இடையிலான இடைவெளி. பூமிக்கு வரும் தரவு வினாடிக்கு 4 மாதிரி. இரு மாதிரிகளுக்கு நடுவே ஒளி 75,000 கி.மீ. போய்விடுகிறது. நமக்கோ மீட்டர் துல்லியத்தில் தாமதம் வேண்டும். நேர்கோட்டு இடைச்செருகல் இங்கே உதவாது. பல மாதிரிகளைச் சேர்த்து இடைமதிப்பைக் கணிக்கும் உயர் வரிசை லக்ராஞ்ச் வடிகட்டி வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கை நீளம் மாறிக்கொண்டே இருப்பதால், முதலில் வடிகட்டிப் பிறகு தாமதிப்பதும், முதலில் தாமதித்துப் பிறகு வடிகட்டுவதும் ஒரே விடையைத் தராது. விண்கலத்தில் மாதிரி எடுக்கும் முன் பயன்படும் வடிகட்டியின் அதிர்வெண் மறுமொழி மில்லிஹெர்ட்ஸ் பகுதியில் தட்டையாக இல்லாவிட்டால், அந்த வேறுபாடு லேசர் இரைச்சலாகவே திரும்பி வரும்.

கடைசியாக, கலங்கள் ஒன்றுக்கொன்று வினாடிக்குச் சில மீட்டர் வேகத்தில் நகர்கின்றன. ஒளி போய்வரும் 16.7 வினாடிக்குள் கை நீளம் நூறு மீட்டரை ஒட்டி மாறிவிடும். நிலையான கைகளுக்கு எழுதிய எளிய சேர்க்கை இதற்குப் போதாது. பாதையை இரட்டிப்பாக்கி எதிரெதிர் வரிசையில் சுற்றிவரும் இரண்டாம் தலைமுறைச் சேர்க்கைகள் இதற்காகவே வந்தவை.

கேள்வி: இதெல்லாம் விண்ணில் சோதித்துப் பார்த்ததா? (வாசகர், கொழும்பு)

பதில்: கலங்களுக்கிடையே லேசர் என்ற பகுதியை 2018 மே மாதம் ஏவிய கிரேஸ் ஃபாலோ–ஆன் இணைக்கலங்கள் சோதித்தன. சுமார் 220 கி.மீ. இடைவெளி, 25 மில்லிவாட் லேசர், நானோமீட்டருக்குக் கீழான இரைச்சல். அது பூமியின் ஈர்ப்புப்புலத்தை அளக்கும் பணி. வளிமண்டல இழுவை இருப்பதால் மில்லிஹெர்ட்ஸ் வட்டார இரைச்சலைப் பற்றி அது சொல்வது குறைவு. ஆனால் ஒளிக்குழிவு, கட்டம் அளக்கும் கருவி, எதிர்க்கலத்தைத் தேடிப்பிடித்துப் பூட்டும் முறை மூன்றும் விண்ணில் வேலை செய்ததைக் காட்டிவிட்டது.

கேள்வி: கடிகாரத்தால் என்ன பிரச்சினை? அணுக்கடிகாரம் வைத்தால் தீர்ந்தது அல்லவா? (பொறியியல் மாணவர், கோவை)

பதில்: கலங்கள் நகர்வதால் டாப்ளர் விளைவு. வினாடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால் 9.4 மெகாஹெர்ட்ஸ் மாற்றம். ஆகவே வந்த ஒளியும் உள்ளூர் ஒளியும் சேர்ந்து உண்டாகும் விம்மல் அதிர்வெண் 5 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும்படி லேசர்களைத் திட்டமிட்டுப் பூட்டுகிறார்கள். 20 மெகாஹெர்ட்ஸ் விம்மலை ஓர் அலைவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு அளக்க வேண்டுமானால், கடிகாரத்தின் நடுக்கம் 50 ஃபெம்டோவினாடிக்குள் இருக்க வேண்டும். 1000 வினாடி கால அளவில் நல்ல விண்வெளிக் கடிகாரமும் இதைப் பல நூறு மடங்கு மீறும்.

அதனால் கடிகாரத்தையும் அடக்குவதில்லை, அளந்து கழிக்கிறார்கள். ஒவ்வொரு கலமும் தன் கடிகார அலையை 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பெருக்கி லேசரின் பக்கப்பட்டையாக ஏற்றி அனுப்பும். 20இலிருந்து 2400 மெகாஹெர்ட்ஸ் என்றால் நடுக்கமும் 120 மடங்கு பெரிதாகி எளிதில் தென்படும். ஆனால் பலவீனம் இப்போது இடம் மாறியிருக்கிறது. பெருக்கி, கேபிள், பண்பேற்றி இவற்றில் வெப்பத்தால் வரும் கட்ட விலகல், கடிகார நடுக்கம் போலவே தோன்றித் தவறான திருத்தத்தைக் கொடுக்கும். சோதனைக்கூடத்தில் அதிக நேரம் விழுங்குவது இந்தச் சங்கிலிதான்.

கேள்வி: லிசாவுக்கு முன்னோட்டமாகப் போன லிசா பாத்ஃபைண்டர் கலம் உண்மையில் எதை நிரூபித்தது? தங்கக் கட்டி எதற்கு? (வாசகர், சென்னை)

பதில்: மேலே சொன்ன இரைச்சல்கள் எல்லாம் அளவீட்டில் வரும் இரைச்சல்கள். அவற்றைப் பிறகு கழிக்கலாம். அளக்கும் தூரத்தின் முனையாகக் கலத்துக்குள் மிதக்கும் சோதனைக் கட்டியின் மீது ஒரு விசை பட்டு அது நிஜமாகவே நகர்ந்துவிட்டால், அந்த நகர்வுக்கும் ஈர்ப்பலைக்கும் வேறுபாடு சொல்ல வழி அநேகமாக இல்லை. விசைகளைக் கருவியிலேயே அடக்கியாக வேண்டும். எங்கள் பார்வையில் லிசாவின் கடினம் லேசரைவிட இந்தக் கட்டியில்தான் அதிகம்.

கட்டி 46 மில்லிமீட்டர் கனசதுரம், தங்கமும் பிளாட்டினமும் கலந்தது, ஏறத்தாழ 2 கிலோ. தங்கம் காந்தப்புலத்தை விலக்கும், பிளாட்டினம் ஈர்க்கும்; நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தங்கம் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். அடர்த்தியும் அதிகம் என்பதால், அதே விசைக்கு முடுக்கம் குறையும். விண்கலம் இந்தக் கட்டிக்குக் குடை மாதிரி. சூரிய ஒளியின் அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு, மைக்ரோநியூட்டன் உந்திகளால் கட்டியைப் பின்தொடர்ந்து நகரும்.

லிசாவின் வரம்பு ரூட் ஹெர்ட்ஸுக்கு 3 ஃபெம்டோமீட்டர்/வினாடி². இதை இடப்பெயர்ச்சியாக மாற்ற, முடுக்கத்தைக் கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 3 மில்லிஹெர்ட்ஸில் 8 பிக்கோமீட்டர், 1 மில்லிஹெர்ட்ஸில் 76, 0.1 மில்லிஹெர்ட்ஸில் 7600. கீழே போகப்போக ஆட்சி முழுக்க விசை இரைச்சலிடம்தான்.

2015 டிசம்பர் 3 அன்று கிளம்பிய பாத்ஃபைண்டர், 37.6 செ.மீ. இடைவெளியில் இரு கட்டிகளை மிதக்கவிட்டு அவற்றின் சார்பு முடுக்கத்தை அளந்தது. 2016 ஜூனில் வெளியான முதல் முடிவு 5.2 ஃபெம்டோமீட்டர்/வினாடி². 2018இல் வெளியான முடிவு, 2 மில்லிஹெர்ட்ஸுக்கு மேல், 1.74. அந்தப் பணிக்கு வைத்த இலக்கு 30 என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும்.

முதல் முடிவுக்கும் பிந்தைய முடிவுக்கும் இடையே குறைந்தது பெரும்பாலும் வாயு இரைச்சல். கட்டியைச் சுற்றியுள்ள எஞ்சிய மூலக்கூறுகள் மோதி நடுக்கம் தருகின்றன. கட்டிக்கும் அதைச் சுற்றியுள்ள மின்முனைக்கும் இடைவெளி குறுகினால் இது கூடும். ஆகவேதான் சுமார் 4 மில்லிமீட்டர் விட்டிருந்தார்கள். அறையை விண்வெளிக்குத் திறந்துவிட்டபின் மாதம் போகப்போக அழுத்தம் குறைந்தது. 2017இல் கலத்தைக் குளிர்வித்தபோது இன்னும் இறங்கியது.

இன்னொன்று மின்னூட்டம். அண்டக்கதிர்கள் பட்டுக் கட்டியில் வினாடிக்குச் சுமார் 25 அடிப்படை மின்னூட்டம் சேரும். நாளுக்கு இருபது லட்சத்துக்கு மேல், அதாவது ஏறத்தாழ 10 மில்லிவோல்ட். மின்முனைகளில் தங்கிய சிதறல் மின்னழுத்தம் இந்த மின்னூட்டத்தை இழுக்கும். ஒரு கம்பியைக் கட்டி இறக்கிவிட்டால் என்ன? 2016இல் ஏவிய, மைக்ரோஸ்கோப் என்ற பெயர் கொண்ட கலம் 7 மைக்ரோமீட்டர் தங்கக் கம்பியைப் பயன்படுத்தியது. அந்தக் கம்பியின் உள்தணிப்பே அதன் இரைச்சல் வரம்பாக அமைந்தது. லிசாவில் கம்பி கிடையாது. புறஊதா ஒளியைப் பாய்ச்சி எலக்ட்ரான்களை நகர்த்தி மின்னூட்டத்தைச் சரிசெய்வார்கள். பாத்ஃபைண்டரில் பாதரச விளக்கு, லிசாவில் புறஊதா எல்.இ.டி.

கலத்தின் சொந்த ஈர்ப்பையும் மறக்கக் கூடாது. கட்டிக்கு ஒரு பக்கம் எடை கூடினால் அது அந்தப் பக்கம் சாயும். அதைப் பிடித்து நிறுத்த மின்முனைக்கு மின்னழுத்தம் கொடுத்தால், அந்த மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே விசை இரைச்சலாகும். அதனால் டங்ஸ்டன் ஈடுகட்டிகளைச் செதுக்கி வைத்து முன்கூட்டியே சமன் செய்கிறார்கள். கவலை தருவது இன்னொன்று: ஏவும்போது இறுக்கிப் பிடித்த கட்டியை விடுவிக்கும் கணம். பாத்ஃபைண்டரில் அது எதிர்பார்த்ததைவிட வேகமாக நழுவியது. லிசாவில் இப்படி ஆறு கட்டிகள்.

கேள்வி: விண்வெளியில் வெப்பம் மாறாதா? (வாசகர், ஈரோடு)

பதில்: முக்கோணத்தின் தளம் சூரியனுக்கு எப்போதும் ஒரே சாய்வில் இருக்கும்படி சுற்றுப்பாதை அமைந்திருப்பதால், ஒவ்வொரு கலத்தின் மீதும் வெயில் மாறாத கோணத்தில் விழும். ஒளி மேடை சீரோடூர் என்ற கண்ணாடி–பீங்கானால் ஆனது. ஒரு கெல்வினுக்கு 5 கோடியில் ஒரு பங்குதான் நீளும். 40 செ.மீ. நீளத்தில் 10 மைக்ரோகெல்வின் ஏற்ற இறக்கம் 0.08 பிக்கோமீட்டரில் அடங்கிவிடும். உறுப்புகளைப் பசை போட்டு ஒட்டாமல் ஹைட்ராக்சைடு கரைசலால் பிணைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பசை காலப்போக்கில் மெல்ல நகர்ந்துகொடுக்கும்.

கேள்வி: கலம் லேசாக ஆடினால்கூட அளவு மாறிவிடுமே? (வாசகர், சேலம்)

பதில்: மாறும். கற்றையின் சுழல் மையமும் கட்டியின் மையமும் 2 மில்லிமீட்டர் விலகியிருந்து, கலம் 10 நானோரேடியன் ஆடினால் 20 பிக்கோமீட்டர் போலி நகர்வு. இரண்டு அடுக்காகச் சமாளிக்கிறார்கள். முதலில் பிம்ப லென்ஸ் அமைப்புகள், கற்றை சாய்ந்தாலும் உணரியின் மீது நகராமல் பார்த்துக்கொள்ளும். எஞ்சியதைக் கழிக்க, உணரியின் நான்கு கால்பகுதிகளிலும் கட்டத்தைத் தனித்தனியே அளந்து கோணத்தை அறியலாம். வேண்டுமென்றே கலத்தைத் தெரிந்த அதிர்வெண்ணில் சிறிது ஆட்டி, கோணத்துக்கும் தூரத்துக்குமான கெழுவைக் கண்டுபிடித்துப் பிறகு தரவிலிருந்து கழிப்பார்கள். வெப்பத்தால் அந்தக் கெழு மெல்ல நகரும் என்பதால் இந்த ஆட்டத்தை அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: ஈர்ப்பலை எப்போதும் வந்துகொண்டே இருக்குமானால், வெறும் இரைச்சல் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? (ஆய்வு மாணவர், திருநெல்வேலி)

பதில்: தரையில் ஓரளவு அமைதியான நேரம் கிடைக்கும், லிசாவில் கிடைக்காது. நம் பால்வீதியில் உள்ள கோடிக்கணக்கான வெண்குறுமீன் (எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன்) இணைகள் ஓயாமல் ஒலித்து, சில மில்லிஹெர்ட்ஸுக்குக் கீழே தாங்களே ஓர் இரைச்சல் தளமாகிவிடும். இதற்கு உதவுவது, மூன்று கைகளையும் சமச்சீராகச் சேர்த்த ஒரு தாமதச் சேர்க்கை. கீழ் அதிர்வெண்களில் அது ஈர்ப்பலைக்கு மிக மந்தமாக இருக்கும். அதில் தெரிவது பெரும்பாலும் கருவி இரைச்சல். ஆனால் எல்லா இரைச்சலும் அதில் ஒரே எடையில் தெரியாது. குறிப்பாக விசை இரைச்சல் அதில் நலிந்துபோகும். அந்தச் சேர்க்கையை மட்டும் நம்பி இரைச்சல் மாதிரியை எழுதிவிடக் கூடாது என்பது எங்கள் கருத்து.

திடீர்க் குத்தல்களும் உண்டு. பாத்ஃபைண்டரில் சராசரியாக நாளுக்கு ஒன்றை ஒட்டி, காரணம் முழுதும் தெளியாத சிறு உதைகள் பதிவாயின. ஒரு கட்டியை மட்டும் உதைத்தது லிசாவின் மூன்று தாமதச் சேர்க்கைகளில் விழும் விகிதமும், ஈர்ப்பலை விழும் விகிதமும் வேறுவேறு என்பதால் பெரிய உதைகளைப் பிரித்துவிடலாம். எல்லாம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க ஹெச்.எம். கேன்க்ரி போன்ற தெரிந்த வெண்குறுமீன் இணைகள் இருக்கின்றன. 321 வினாடிக்கு ஒருமுறை சுற்றும் அந்த இணையின் அலை 6.2 மில்லிஹெர்ட்ஸில் வந்தாக வேண்டும்.

கேள்வி: இயற்பியல் முதுகலை மாணவர்கள் இதில் வீட்டுக் கணினியில் செய்யக்கூடிய வேலை ஏதும் உண்டா? (பேராசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: நிச்சயம் உண்டு. பைத்தானில் ஒரு சீரற்ற வரிசையை லேசர் இரைச்சலாக எடுத்துக்கொள்ளுங்கள், வினாடிக்கு 4 மாதிரி, ஒரு நாள் நீளம். போய்வரும் நேரங்களை 16.6, 16.8 வினாடி என்று வையுங்கள். ஒவ்வொரு கைக்கும் "தாமதித்த இரைச்சல் கழித்தல் இப்போதைய இரைச்சல்" என்று பதிவை உருவாக்குங்கள். இரண்டையும் நேராகக் கழித்தால் இரைச்சல் எஞ்சும். பிறகு முதல் பதிவை 16.8 வினாடி தாமதித்து அதிலிருந்து தாமதிக்காத முதல் பதிவைக் கழியுங்கள், இரண்டாவதை 16.6 வினாடி தாமதித்து அதேபோல் செய்யுங்கள். இரண்டின் வேறுபாட்டை எடுத்து நிறமாலை வரையுங்கள். எல்லாத் தாமதங்களுக்கும் ஒரே இடைச்செருகலைப் பயன்படுத்தினால் விடை பொய்யாகச் சுத்தமாக வரும். பதிவுகளை உருவாக்க வினாடிக்கு 40 மாதிரியில் இரைச்சலை வைத்து, அதை வடிகட்டி 4க்கு இறக்கி, பிறகு தாமதியுங்கள். முதலில் நேர்கோட்டு இடைச்செருகல், அடுத்து 31ஆம் வரிசை லக்ராஞ்ச். அதன்பின் தாமதத்தில் 1 மீட்டர், 100 மீட்டர், 10 கி.மீ. என்று பிழையைச் சேர்த்து எஞ்சும் இரைச்சல் நேர்விகிதத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். 1 மீட்டர் என்பது 3.3 நானோவினாடி என்பதால் தாமதங்களை இரட்டைத் துல்லிய எண்களாகவே வைக்க வேண்டும். இது கைவந்தபின் பயிற்சிக்கான போலித் தரவைக் கொண்ட லிசா தரவுச் சவாலின் பொதுத் தொகுப்புகளுக்குப் போகலாம்: கருந்துளை இணைகளும் வெண்குறுமீன் இணைகளும் கலந்த சங்ரியா முதலில், குத்தல்களும் தரவு இடைவெளிகளும் சேர்ந்த ஸ்பிரிட்ஸ் அதற்கப்புறம்.